திருமணப் பதிவுக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை: மலேசியக் குடியுரிமை யார் வழி வரும்?

அப்பா மலேசியர். பிறப்புப் பத்திரத்தில் அவருடைய பெயர் இருக்கிறது. மரபணுப் பரிசோதனையும் அவர்தான் தந்தை என்று சொல்கிறது. ஆனாலும் பிள்ளை மலேசியக் குடிமகன் அல்ல.

இப்படி ஒரு பதிலைத் தேசியப் பதிவு இலாகாவின் முகப்பிடத்தில் கேட்டுவிட்டுத் திரும்பும் தந்தையர் நம்மவர்களிடையே குறைவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்தவர், கப்பலில் போனவர், தாய்லாந்து எல்லையில் வியாபாரம் செய்தவர், தமிழ்நாட்டில் பெண் எடுத்தவர் என்று கதைகள் பலவாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். பிள்ளை பிறந்த நாளில் பெற்றோரின் திருமணம் சட்டப்படி பதிவாகியிருக்கவில்லை.

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் 206 உறுப்பினர்களின் ஆதரவோடு குடியுரிமை தொடர்பான அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியபோது, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளின் பிரச்சினை முழுவதுமாகத் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைத்தனர். மலேசியத் தாய்மாருக்கு அது பெரிய வெற்றிதான். ஆனால் திருமணமாகாத மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் நிலை அந்தத் திருத்தத்தால் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, அரசமைப்புச் சட்டத்தின் பின்னிணைப்பில் இருக்கும் ஒரே ஒரு பிரிவைப் பார்க்க வேண்டும்.

பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும் பிரிவு 17

குடியுரிமை பற்றிய விதிகள் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பாகத்தில் உள்ளன. மலேசிய தினத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 14(1)(பி) விதி பொருந்தும். அந்த விதி நேராக இரண்டாவது அட்டவணையின் இரண்டாம் பகுதிக்கு நம்மை அனுப்புகிறது. அங்கே ஐந்து உட்பிரிவுகள். நாட்டுக்குள் பிறந்தவர்களுக்கு ஏ, இ. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு பி, சி. சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்குத் தனியாக டி.

திருத்தத்துக்கு முந்திய வாசகப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் தந்தை அந்த நேரத்தில் குடிமகனாகவும் மலேசியாவில் பிறந்தவராகவும் இருந்தால், அல்லது அரசாங்கச் சேவையில் வெளிநாட்டில் இருந்தால், அந்தப் பிள்ளை பி உட்பிரிவின்படி குடிமகன். தந்தை குடிமகன், ஆனால் அவரே வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் சி உட்பிரிவு பொருந்தும். அப்போது பிறப்பு ஓராண்டுக்குள், அல்லது அரசாங்கம் அனுமதிக்கும் கூடுதல் காலத்துக்குள், மலேசியத் தூதரகத்தில் பதிவாக வேண்டும். இரண்டிலும் தந்தை என்றுதான் எழுதப்பட்டிருந்தது. தாய் என்ற சொல்லே இல்லை. வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார் பல ஆண்டுகள் போராடியது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். 2024 திருத்தம் தந்தை என்பதைப் பெற்றோரில் ஒருவராவது என்று மாற்றியது.

இனி பிரிவு 17. இரண்டாவது அட்டவணையின் மூன்றாம் பகுதியில் இருக்கும் இது சொல்வது சுருக்கமானது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த ஒருவரைப் பொறுத்தவரை, குடியுரிமை விதிகளில் தந்தை, பெற்றோர், பெற்றோரில் ஒருவர் என்று வரும் இடங்களை எல்லாம் தாய் என்றே படிக்க வேண்டும்.

அவ்வளவுதான். ஆனால் விளைவு பெரியது. பி உட்பிரிவில் தந்தை என்று இருந்தாலும் சரி, இப்போது பெற்றோரில் ஒருவர் என்று மாறினாலும் சரி, திருமணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கு அந்தச் சொல் தாயாக மாறிவிடுகிறது. தாய் இந்தோனேசியரோ, தாய்லாந்துக்காரரோ, இந்தியரோ, பிலிப்பீனோவோ என்றால் கதவு அங்கேயே அடைபடும். 2024 திருத்தம் தொடாமல் விட்ட பிரிவு இது.

இதில் ஒரு விநோதமும் இருந்தது. திருத்தத்துக்கு முன்பு, வெளிநாட்டவரை முறையாக மணந்த மலேசியப் பெண்ணுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதே பெண் திருமணம் செய்துகொள்ளாமல் பெற்றிருந்தால், பிரிவு 17இன்படி தந்தை என்பது தாயாக மாறும். அவர் மலேசியாவில் பிறந்தவர் என்றால் பிள்ளை பிறக்கும்போதே குடிமகன் ஆகிவிடும். திருமணம் செய்தவருக்குத் தடை, செய்யாதவருக்கு வழி. சட்டத்தை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தாய்மாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும், 2022 ஆகஸ்ட் 5இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைத் தள்ளியதும், கடைசியில் நாடாளுமன்றமே வந்து திருத்த வேண்டியிருந்ததும் இந்த முரண்பாட்டின் வரலாறு.

ஆகவே, திருமணமாகாத மலேசியத் தாய் ஒருவர் வெளிநாட்டில் பிள்ளை பெற்றிருந்தால், வெட்கத்தாலோ பயத்தாலோ ஒதுங்கிவிடக் கூடாது. அவர் மலேசியாவில் பிறந்த குடிமகள் என்றால் சட்டத்தின் வாசகம் அவர் பக்கம்தான் இருக்கிறது. தம் பிறப்புப் பத்திரம், மைகார்டு, பிள்ளையின் வெளிநாட்டுப் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றோடு அருகிலுள்ள மலேசியத் தூதரகத்துக்குச் செல்லலாம். அவரே வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் ஓராண்டுக் கெடு முக்கியம்.

கூட்டரசு நீதிமன்றம் சொன்னது என்ன?

பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் திருமணம் செய்துகொண்டால் சரியாகிவிடாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. 1961ஆம் ஆண்டின் சட்டப்பூர்வப் பிறப்புரிமைச் சட்டம், பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால், திருமண நாளில் தந்தையின் நிரந்தர வாழ்விடம் மலேசியாவாக இருந்தால், அந்தத் திருமண நாளிலிருந்து பிள்ளை சட்டப்பூர்வப் பிள்ளையாகிறது என்கிறது. அப்படியானால் பிரிவு 17 ஏன் இன்னும் துரத்த வேண்டும்?

இந்தக் கேள்விதான் கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. சிடிஇபி என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்பட்ட அந்தச் சிறுவன் பிலிப்பீன்ஸில் பிறந்தவன். தந்தை மலேசியர், தாய் பிலிப்பீனோ. அவன் பிறந்த சில மாதங்களுக்குப் பிறகு பெற்றோர் திருமணம் செய்துகொண்டனர். 2021 மே மாதம் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு நான்குக்கு மூன்று என்ற வித்தியாசத்தில் அவன் சட்டப்படி குடிமகன் அல்ல என்று தீர்ப்பளித்தது.

அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர் ரொஹானா யூசோப் தலைமையிலான பெரும்பான்மையின் வாதம் இது: சட்டத்தின் இயக்கத்தால் தானாக வரும் குடியுரிமையைப் பிறந்த நொடியில் இருந்த தகுதியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த நொடியில் பெற்றோருக்குத் திருமணம் இல்லை. எனவே தந்தை என்பது தாய் என்றாகிறது. பின்னால் நடந்த திருமணம் பிள்ளையின் தகுதியை அந்த நாளிலிருந்து மாற்றலாம். ஆனால் பிறந்த நாளுக்குத் திரும்பிப் போய் எதையும் மாற்றாது. தவிர, சாதாரணச் சட்டம் ஒன்றைக் கொண்டு அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் கூறவும் முடியாது.

அன்றைய தலைமை நீதிபதி துங்கு மைமுன் உள்ளிட்ட மூவர் இதை ஏற்கவில்லை. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். அதனால்தான் சட்ட வட்டாரத்தில் இந்தத் தீர்ப்பு இன்னமும் பேசப்படுகிறது. ஆனாலும் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பான்மைத் தீர்ப்புதான். இலாகா அதிகாரியிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை. அவர் பின்பற்றுவது அதைத்தான்.

இந்தத் தீர்ப்பு வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு மட்டுமானதல்ல. பிள்ளை கிள்ளானிலோ ஈப்போவிலோ பிறந்திருந்தாலும், தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர், திருமணப் பதிவு இல்லை என்றால் பிரிவு 17 அங்கேயும் வந்து நிற்கும். சிவப்பு நிறப் பிறப்புப் பத்திரமும் அதில் 'புக்கான் வார்கானெகாரா' என்ற சொற்களும் பல குடும்பங்களுக்குப் பழக்கமானவை. உள்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு கூடுதல் வாதமாவது உண்டு. வேறு எந்த நாட்டின் குடியுரிமையும் பிறப்பால் கிடைக்காதவர் என்று நிரூபித்தால் இ உட்பிரிவை நாடலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை.

கோயில் தாலி, பதிவாகாத திருமணம்

'திருமணமாகாத பெற்றோர்' என்றதும் நம் ஆட்கள் பலர் 'அது நமக்கில்லை' என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊரறிய மேளதாளத்தோடு தாலி கட்டியவர்கள் எப்படித் திருமணமாகாதவர்கள் ஆவார்கள்?

சட்டத்தின் கண்ணில் ஆகலாம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் பதிவாக வேண்டும். துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்ட கோயில் நிர்வாகி முன் நடந்தால் கோயிலிலேயே பதிவு செய்யலாம். அப்படி நியமனம் இல்லாத கோயிலில் தாலி கட்டிவிட்டு, 'பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், குடியுரிமை என்று வரும்போது இலாகா கேட்பது திருமணச் சான்றிதழைத்தான். மண்டபத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

தோட்டப்புறங்களில் இந்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2011இல் இந்தியச் சமூகத்துக்கென்றே மைடாஃப்தார் என்ற பெயரில் பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்ததற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. தாய் தந்தை இருவரும் மலேசியர் என்றால் பிரிவு 17ஆல் பெரிய இழப்பில்லை. தாய் வழியாகக் குடியுரிமை வந்துவிடும். சிக்கல் முளைப்பது தாயிடம் ஆவணம் இல்லாதபோதும், தாய் வெளிநாட்டவராக இருக்கும்போதும்தான்.

தமிழ்நாட்டில் போய்ப் பெண் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியர் ஒருவர் வெளிநாட்டில் திருமணம் செய்தால், அந்நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் சான்றிதழ் பெற்று, ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்கே பதிவு செய்யலாம். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி அங்கேயும் பதிவு கட்டாயம். திருமண மண்டப ரசீதும் போட்டோ ஆல்பமும் துணைச் சான்றாக உதவலாம், அதற்கு மேல் அல்ல.

இதில் பலருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களைப் பொறுத்தவரை சட்டம் பார்ப்பது கருவுற்ற நாளை அல்ல, பிறந்த நாளை. செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போது பிறந்த பிள்ளை சட்டப்பூர்வப் பிள்ளை என்கிறது சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு. அதாவது, பிரசவத்துக்கு ஒரு நாள் முன்பு திருமணம் பதிவானாலும் பிரிவு 17 அந்தப் பிள்ளையைத் தொடாது. ஒரு நாள் பின்பு பதிவானால் தொடும். முஸ்லிம்களுக்கு ஷரியா அடிப்படையிலான கணக்கு வேறு. அவர்கள் தங்கள் மாநிலச் சமய இலாகாவிடம் கேட்பதே சரி.

வெளிநாட்டவரை மணக்கும்போது அவருடைய நாட்டிலிருந்து 'மணமாகாதவர்' என்ற சான்று வர வேண்டும், கடப்பிதழும் அனுமதியும் ஒழுங்காக இருக்க வேண்டும். இவை வந்து சேர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பிரசவம் அதுவரை காத்திருக்காது. 'குழந்தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம்' என்று பெரியவர்கள் சொல்லும் யோசனை, நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், இந்த விஷயத்தில் பிள்ளைக்குப் பெரிய கேடாக முடியும்.

அப்பா பெயர் இருந்தால் போதாதா?

போதாது. 1957ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பத்திரத்தில் தந்தையின் பெயரைச் சேர்க்க அனுமதிக்கிறது. தாயும், தந்தை என ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட வேண்டும். இது தந்தை யார் என்பதற்கு ஆவணம். திருமணம் நடந்ததற்கு ஆவணம் அல்ல. மரபணுப் பரிசோதனையின் கதையும் அதுதான். பிரிவு 17 கேட்பது இரத்த உறவை அல்ல, பிறந்த நாளில் திருமணம் இருந்ததா என்பதை. மரபணுச் சோதனைக்குக் கணிசமான பணம் செலவழித்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இலாகாவோ நீதிமன்றமோ கேட்டால் செய்யலாம், முன்கூட்டியே அவசரப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் தந்தையின் பெயர் பத்திரத்தில் இருப்பது வீண் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிச் சேர்க்கைக்கும், பின்னால் செய்யும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அது தேவைப்படும்.

எஞ்சியிருக்கும் கதவுகள்

தானாக வரும் குடியுரிமை இல்லை என்றால், கேட்டுப் பெறும் குடியுரிமை. இதற்கு அரசமைப்பில் இரண்டு வழிகள் உள்ளன. 15(2) விதி, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக உள்ள பிள்ளையைப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. பின்னர் திருமணம் செய்துகொண்ட பெற்றோர் வழக்கமாக நாடுவது இதைத்தான். 15ஏ விதி, சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக அரசாங்கம் கருதினால் எந்தப் பிள்ளையையும் பதிவு செய்யலாம் என்கிறது. பெற்றோர் கடைசிவரை மணக்காமல் போனாலும், தாய் பிரிந்து எங்கோ போய்விட்டாலும், தந்தையோ தாத்தா பாட்டியோ பிள்ளையை வளர்த்தாலும் எஞ்சுவது 15ஏ.

இரண்டிலும் 'அரசாங்கம் பதிவு செய்யலாம்' என்றுதான் இருக்கிறது, 'பதிவு செய்ய வேண்டும்' என்று இல்லை. உள்துறை அமைச்சரின் விருப்புரிமை அது. அமைச்சின் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யவோ மறுஆய்வு செய்யவோ இயலாது என்று இரண்டாவது அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. காரணம் சொல்லாமல் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் நிறைய. நிராகரிப்பு வந்தால் மனம் தளர்ந்து கோப்பை மூடிவிடாமல், புதிய ஆவணங்களோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

வயதுதான் இங்கே முக்கியம். பழைய வாசகத்தில் இரண்டு விதிகளுக்கும் வரம்பு 21. 2024 திருத்தம் அதை 18ஆகக் குறைத்தது. தாய்மாருக்கு வழி திறந்த அதே திருத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது. விண்ணப்பம் செய்து பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகும் நாட்டில் மூன்று ஆண்டுகள் சின்ன விஷயமல்ல. பிள்ளை படிவம் ஐந்து முடித்து, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு மைகார்டு கேட்கும்போதுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சே எழுகிறது. அப்போது வயது 17. பிள்ளை பாலர் பள்ளிக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதே இந்த வழக்குகளைப் பார்த்தவர்கள் சொல்லும் யோசனை.

இன்னொன்று: 2024 திருத்தம் பின்னோக்கிப் பொருந்தாது. அது நடப்புக்கு வரும் தேதிக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, தாய் மலேசியராக இருந்தாலும், பழைய விதிகளே. எனவே இலாகாவில் பேசும்போது பிள்ளையின் பிறந்த தேதிக்கு எந்த வாசகம் பொருந்தும் என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயது வரம்பைத் தாண்டிவிட்டால் எஞ்சுவது 19ஆவது விதியின்படி இயல்புரிமை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும், அதிலும் கடைசி 12 மாதங்கள் தொடர்ச்சியாக. நல்ல நடத்தை, போதுமான மலாய் மொழி அறிவு. அந்தப் பத்தாண்டுகளையும் முறையான அனுமதியோடு கழித்திருந்தால்தான் விண்ணப்பம் வலுவாக நிற்கும்.

தந்தையே பிள்ளையைத் தத்தெடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தத்தெடுப்பு ஆணை பிள்ளையை வளர்க்கும் உரிமையையும் சொத்துரிமையையும் ஒழுங்குபடுத்தும். அது மட்டுமே தானாகக் குடியுரிமையைக் கொண்டுவராது.

முதலில் தாயின் நாட்டுப் பத்திரம்

மலேசியக் குடியுரிமைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் செய்யும் ஒரு காரியம் கவலை தருகிறது. 'வேறு நாட்டுக் கடப்பிதழ் எடுத்தால் இங்கே கொடுக்க மாட்டார்கள்' என்று நம்பி, தாயின் நாட்டில் பிள்ளையைப் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு நாடற்றவர் என்ற வாதமே இரண்டாவது அட்டவணையில் கிடையாது என்பதை மேலே பார்த்தோம். அப்படியிருக்க, பத்திரமே இல்லாமல் பிள்ளையை வைத்திருப்பதில் லாபம் ஒன்றுமில்லை. கடப்பிதழ் இல்லாமல் அந்தப் பிள்ளையை இந்த நாட்டுக்குள் முறையாக அழைத்துவரவும் முடியாது.

நம் வட்டாரத்தின் பெரும்பாலான நாடுகள் தாய் வழிக் குடியுரிமையை ஏற்கின்றன. பிலிப்பீன்ஸின் 1987 அரசமைப்பு தந்தை அல்லது தாய் குடிமக்களாக இருந்தால் போதும் என்கிறது. இந்தோனேசியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்துக்கு வெளியே இந்தோனேசியத் தாய்க்குப் பிறந்த பிள்ளையை வெளிப்படையாகவே சேர்த்துக்கொள்கிறது. தாய்லாந்தும் தாய் வழியை ஏற்கிறது.

இந்தியாவைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பின் இந்தியாவிலேயே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருந்தால் பிறப்பால் குடியுரிமை உண்டு. இந்தியாவுக்கு வெளியே, அதாவது மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ, இந்தியத் தாய்க்குப் பிறந்திருந்தால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிள்ளையிடம் வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை என்ற உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் டெல்லியின் அனுமதி தேவை. இங்கேயும் அங்கேயும் அலைந்து இரண்டு கெடுவையும் கோட்டைவிடும் குடும்பங்களுக்கு அதற்குப் பின் தீர்வு எளிதல்ல.

சிங்கப்பூரில் பிறந்தால்?

ஜொகூர்க்காரர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. இருவரும் மலேசியர், சிங்கப்பூரில் வேலை, பதிவுக்கு முன் பிள்ளை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரிவு 17இன்படி தாயைப் பார்ப்பார்கள், தாய் மலேசியர், எனவே வழி உண்டு. சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கான டி உட்பிரிவு தொடக்கத்திலிருந்தே பெற்றோரில் ஒருவர் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. தந்தை மட்டும் மலேசியர் என்றால், திருமணமும் இல்லை என்றால், சிங்கப்பூரிலும் அதே தடைதான்.

சிங்கப்பூரர்களுக்கும் இதே கதை கொஞ்சம் வேறு வடிவில் உண்டு. 2004 மே 15ஆம் தேதி முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் வழியாகவும் வம்சாவளிக் குடியுரிமை தரலாம் என்று அங்கே அரசமைப்பு திருத்தப்பட்டது, மலேசியாவுக்கு 20 ஆண்டுகள் முன்பே. ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்தவருக்குப் பெற்றோர் என்பது தாய் மட்டும் என்ற விதி சிங்கப்பூர் அரசமைப்பின் மூன்றாவது அட்டவணையிலும் அப்படியே இருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த வாசகம் அல்லவா.

அந்த மூலம் பிரிட்டிஷ் சட்டம். திருமணத்துக்கு வெளியே பிறந்தவன் யாருடைய பிள்ளையும் அல்ல என்பது பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டக் கொள்கை. தாய் யார் என்பது பிரசவத்திலேயே தெரியும், தந்தை யார் என்பதற்குத் திருமணமே சான்று என்று எண்ணிய காலம் அது. பிரிட்டனே 2006 ஜூலை 1 முதல் இதைக் கைவிட்டது. தந்தை என்று நிரூபித்தால் போதும், திருமணம் தேவையில்லை என்றானது. அதற்கு முன் பிறந்தவர்களும் பதிவு செய்துகொள்ள 2015இல் வழி திறந்தது. 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெற்றோரின் திருமண நிலையை வைத்துப் பிள்ளையைப் பாகுபடுத்துவது மனித உரிமை மீறல் என்றே சொல்லிவிட்டது. அச்சு வார்த்தவர்கள் அச்சை உடைத்துவிட்டார்கள், நாம் இன்னும் அதில் வார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தபோது, பெயர், குடியுரிமை பற்றிய 7ஆவது பிரிவுக்கு விலக்கு கேட்டுக்கொண்டது. அந்த விலக்கு இன்னும் நீங்கவில்லை. பிரிவு 17ஐ மாற்ற அரசாங்கம் மனம் வைத்தாலும் வழி எளிதல்ல.  2024இல் குடியுரிமைத் திருத்தம் நிறைவேறியது என்பதால் முடியாத காரியம் என்று சொல்லிவிடவும் இயலாது.

இதற்கிடையில் பிள்ளையின் அன்றாடம்

குடியுரிமை இல்லாத பிள்ளை அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் செலுத்த வேண்டும். அரசாங்கக் கல்விக் கடனுக்கும் பெரும்பாலான உபகாரச் சம்பளங்களுக்கும் தகுதியில்லை. ஆனால் பள்ளிக் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. பெற்றோரில் ஒருவர் மலேசியர் என்று காட்ட முடிந்தால், மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக அரசாங்கப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். தமிழ்ப்பள்ளிக்கும் இது பொருந்தும். தலைமையாசிரியர் 'மைகிட் இல்லை' என்று திருப்பி அனுப்பினால் அத்தோடு வீட்டுக்குப் போய்விடாமல் மாவட்ட அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். பிள்ளையின் கடப்பிதழில் உள்ள அனுமதி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். காலாவதியானால் குடிநுழைவுச் சட்டத்தின் பிடியில் சிக்குவது பிள்ளைதான்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். தீபகற்பத்தில் ஆவணமற்ற இந்தியர்களின் விண்ணப்பங்களில் நெடுநாள் அனுபவம் உள்ள அமைப்பு டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா. போகும்போது கையில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பிறப்புப் பத்திரம் (தமிழிலோ தாய்லாந்து மொழியிலோ இருந்தால் மலாய் அல்லது ஆங்கிலத்தில் சான்றளித்த மொழிபெயர்ப்போடு), தந்தையின் மைகார்டும் அவருடைய பிறப்புப் பத்திரமும், தாயின் கடப்பிதழ் நகல், திருமணச் சான்றிதழ் இருந்தால் அது, முன்பு விண்ணப்பித்திருந்தால் இலாகா கொடுத்த ரசீதும் நிராகரிப்புக் கடிதமும். தாய் ஊர் திரும்புவதாக இருந்தால், அவர் இங்கே இருக்கும்போதே கையொப்பங்களையும் சத்தியப் பிரமாணத்தையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ஒரு கையெழுத்துக்காகக் கடல் கடந்து தேட வேண்டியிருக்காது.